மணியை அழுத்தாதவன்

என் தம்பி ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் வரை லிப்டுக்குள் உட்கார்ந்திருந்தான். அந்த லிப்டில் அபாய மணி இருந்தது. அது பழுதாகவும் இல்லை. அன்று காலையில்தான் அதற்குப் புது பேட்டரி போட்டு, இரண்டு முறை அடித்துப் பார்த்து, அட்டையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். என் தம்பி லிப்ட் மெக்கானிக்.

யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப ஏன் அழுத்தல?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு இரண்டு. அப்பா ஓர் இரும்புக்கடையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டுவிட்டாள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த பெரியப்பா வீட்டுக்கு ஓடினார். குடும்பத்திலேயே கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டுக்கு உள்ளே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா கேட்டைத் திறக்கவில்லை.

"இப்பதான்டா கழுவி நிறுத்தினேன். சீட்டெல்லாம் புது துணி. வாடகை வண்டி ஏதாவது கெடைக்கும் பாரு" என்றார்.

வாடகை வண்டி கிடைத்தது. அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். முற்றிப்போய்த்தான் கொண்டுவந்தீர்கள், அரை மணி முன்னால் வந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது அப்பாவின் காதில் ஏறவே இல்லை. அவர் காதில் இருந்ததெல்லாம் அந்தப் புது சீட்டுத் துணிதான்.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, எங்கள் இருவரையும் கட்டிலில் உட்காரவைத்துச் சொன்னார். "இனிமே இந்த வீட்ல யாரும் யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது. எதுக்கும் கூடாது. புரிஞ்சுதா?" எனக்குப் புரிந்தது. தம்பி என் மடியில் விரல் சப்பிக்கொண்டிருந்தான். எனக்காவது ஒன்பது வருஷம் அம்மா இருந்தாள். அவனுக்குக் கிடைத்தது இந்தச் சட்டம் மட்டும்தான்.

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பா ஸ்டோர் கீப்பர் அல்லவா, சட்டத்துக்கு ஏற்ப வீட்டையே மாற்றிவிட்டார். எதையும் இரவல் கேட்க வேண்டிய நிலைமை வரக்கூடாது என்று எல்லாவற்றிலும் இரண்டு வாங்கினார். இரண்டு சுத்தியல், இரண்டு ஏணி, இரண்டு தெர்மாமீட்டர், இரண்டு கத்தரிக்கோல், ஊசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தைகூட இரண்டு. ஆள் மூன்று, குடை ஆறு. மழை பெய்தால் எங்கள் வீட்டு மாடிப்படி குடைக்கடை மாதிரி இருக்கும்.

அக்கம்பக்கத்தார் வந்து ஏதாவது கேட்டால் அப்பா சந்தோஷமாகத் தூக்கிக் கொடுப்பார். அவர்கள் பதிலுக்கு ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்து நீட்டினால், "வேணாம்மா, இப்பதான் சாப்பிட்டோம்" என்று கதவைப் பாதி சாத்துவார். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? கொஞ்ச நாளில் அவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அப்பா அதை வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

தம்பி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கணக்குப் பரீட்சையில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையனின் டப்பாவில் நான்கு பென்சில்கள். இவன் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். டீச்சர் வெறும் தாளைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அப்பாவை வரச் சொன்னார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவன் அழவும் மாட்டான், பாலும் கேட்க மாட்டான்.

அப்பா அவனைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "யாரையும் கேக்கலையாடா?" என்றார். அவன் தலையை ஆட்டினான். அப்பா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். தொட்டுப் பேசுகிற மனிதர் இல்லை அவர். அதனால் அந்தத் தட்டு அவனுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. மறுநாள் இரண்டு டஜன் பென்சில் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "நல்ல பிள்ளைடா, கேக்காம இருந்தது கரெக்டு" என்று கன்னத்தைக் கிள்ளினேன். பதினாறு வயசுப் பெரிய மனுஷி. இந்தக் கதையில் அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

தொழிற்பயிற்சி முடித்ததும் அவனுக்கு மூன்று இடங்களில் வேலை கிடைத்தது. கார் ஒர்க்ஷாப், ஏசி கம்பெனி, லிப்ட் கம்பெனி. சம்பளம் குறைச்சலான லிப்டைத் தேர்ந்தெடுத்தான். ஏன்டா என்றேன். முகம் மலர்ந்து அவன் சொன்னது இதுதான்: "மொட்டைமாடிக்கு மேல ஒரு சின்ன ரூம் இருக்கும்க்கா. மோட்டார் ரூம். உள்ள போயிட்டா யாருமே வரமாட்டாங்க." பத்தொன்பது வயசுப் பையன் ஆசைப்பட்டுக் கேட்ட இடம் அது. ஆளில்லாத அறை.

வேலையில் அவன் கெட்டிக்காரன். ஆனால் லிப்ட் வேலையை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில், இன்னொருவர் கீழே பெட்டிக்குள். "ஏத்தவா?" என்று ஒருவர் கத்த வேண்டும், "ஏத்து" என்று மற்றவர் கத்த வேண்டும், அப்புறம்தான் கையை வைக்கலாம். இவன் முடிந்தபோதெல்லாம் ஜோடியைக் கழற்றிவிட்டுத் தனியாகவே மேலும் கீழும் ஓடி முடித்துவிடுவான். கம்பெனியில் அவனுக்கு 'ஒத்தை' என்று பேர். அவனுடைய ஜோடிக்கு 'ரேடியோ' என்று பேர். அந்த மனிதர் காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார். நல்ல பொருத்தம்தான், கம்பெனிக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ரேடியோ ஒருமுறை என் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்து எனக்குப் போன் செய்தார். "அக்கா, ஒங்க தம்பி மூணு நாளா காய்ச்சலோட வேலைக்கு வர்றான். லீவு போடுடான்னா கேக்க மாட்டேங்கறான். லீவு லெட்டர்லயும் 'தயவுசெய்து'ன்னு எழுதணுமாம், அதான் கஷ்டமா இருக்கு போல. நீங்களாவது சொல்லுங்க." அவர் நம்பரை அன்றே பதிந்துவைத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை செய்கிறேன். ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து அனுப்புகிறேன். கல்யாணம் ஒன்று நடந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் ஒரு நாள், "எல்லாத்தையும் நீயே பண்ணிக்கற. நான் எதுக்கு உனக்கு?" என்று கேட்டார். சண்டைகூடப் போடாமல் போய்விட்டார். அதற்கப்புறம் இந்த அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் ஒன்பது வருஷமாகத் தனியாக இருக்கிறேன். தம்பி ஊரின் அந்தக் கோடியில் ஒரே ஓர் அறையில் இருந்தான். அப்பா வாங்கிய இரண்டு ஏணிகளில் ஒன்று அவன் அறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். நான் போனால் என் கைப்பையை அதில்தான் மாட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவனைக் கூப்பிடுவேன். "சாப்டியா?" "சாப்டேன்க்கா." "வேலை?" "போகுது." "ஏதாவது வேணுமா?" "ஒண்ணும் வேணாம்க்கா." மூன்று நிமிஷத்துக்கு மேல் போனதில்லை. அவனாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை அவன் என்னிடம் ஏதாவது வேண்டும் என்று கேட்டுவிட மாட்டானா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடு என்றால்கூடப் போதும். அவன்தான் இரண்டு ஊசி வைத்திருக்கிறானே.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எட்டு மாடி அலுவலகக் கட்டடம். சனிக்கிழமை மதியத்தோடு பூட்டினால் திங்கள்தான் ஆட்கள் வருவார்கள். வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார். மாதாந்திர சர்வீஸ். ரேடியோவின் மகளுக்குப் பள்ளியில் பாட்டுப் போட்டி. "நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று பதினோரு மணிக்கே அவரை அனுப்பிவிட்டான். எல்லா வேலையும் முடித்தான். போன், கருவிப் பை எல்லாவற்றையும் மேலே மோட்டார் அறையிலேயே வைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கப் பெட்டிக்குள் ஏறினான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பிரேக் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், பெட்டி நகரவில்லை.

கதவைத் திறந்து பார்த்தான், சுவர். மேல்மூடியைத் தள்ளிப் பார்த்தான், அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதை ஒரு மணி நேரம் முன்னால் இறுக்கிப் பூட்டியதும் அவன்தான். பாக்கி இருந்தது சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் கீழே வாட்ச்மேன் கூண்டில் மணி அடிக்கும். ஜோடி மேலே இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. வாட்ச்மேன் கம்பெனிக்குப் போன் செய்திருந்தால் ஒரு மணி நேரம்.

ஏன் அழுத்தவில்லை என்று ஆஸ்பத்திரியில் நான் கேட்டபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாட்ச்மேன் சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசருவாருக்கா. பாவம், வயசானவர். எழுந்ததும் அடிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் ஷிப்ட் மாறுற நேரம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போற ஆளை எதுக்கு நிறுத்தணும்? புதுசா வந்தவர் செட்டில் ஆகட்டும்னு விட்டேன். அப்புறம் பாத்தா மணி எட்டாயிடுச்சு. ஆறு மணி நேரம் கம்முனு இருந்துட்டு இப்ப அடிச்சா, ஏன்யா முன்னாடியே அடிக்கலன்னு கேப்பாங்கல்ல? அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க நேரம் போயிட்டே இருந்துச்சு. போகப் போக சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஏனென்றால் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. வேறு வீட்டில் வளர்ந்த ஒருத்திக்குப் புரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் வழக்கம்போல் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆளில்லாத அறையில், அவன் ஆசைப்பட்ட அறையில், கருவிப் பைக்குள் கிடந்து அடித்திருக்கிறது. மத்தியானத்துக்குள் ஆறு தடவை கூப்பிட்டேன். ரேடியோவின் நம்பரை எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அந்த மனிதர் குடும்பத்தோடு இருப்பார், நான் கூப்பிட்டு எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். நாளைக்குப் பார்க்கலாம். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு கீழ்வரிசைப் பல்செட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். வீட்டு வேலையாக எடுத்து வந்தது. நன்றாகத்தான் தேய்த்தேன்.

திங்கட்கிழமை காலை அந்தக் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா வந்து லிப்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். வரவில்லை. கதவைத் தட்டி, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று கத்தியிருக்கிறாள்.

மேலேயிருந்து என் தம்பியின் குரல் வந்திருக்கிறது. "லிப்ட் ரிப்பேரும்மா. பரவால்ல, நீங்க படியில போங்க."

நாற்பத்தோரு மணி நேரம் கழித்து. தண்ணீர் தீர்ந்து ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது.

அந்த அம்மாவும் சரி என்று துடைப்பத்தோடு படியேறியிருக்கிறாள். இரண்டாம் மாடியில் நின்றுவிட்டாள். "பதினாலு வருஷமா அந்த கட்டடத்தைக் கூட்டறேன், லிப்ட் பேசி நான் கேட்டதே இல்ல. அதுவும் நாக்கு ஒட்டிக்கிட்ட குரல். எனக்கு திக்குனு ஆயிடுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஓடிவந்து வாட்ச்மேனை உலுக்கியிருக்கிறாள். ரேடியோ அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் வேலை செய்தாராம். தம்பி வெளியே வந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மயங்கி விழுந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "யாரையும் கூப்பிடலையா அவன்?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பென்சில் ஒடிந்த நாளன்று கேட்ட அதே குரல். நெஞ்சு நிமிர்ந்த குரல். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அப்பா, அன்னிக்கி அந்த கார் வந்திருந்தாலும் அம்மா போயிருப்பாங்க. டாக்டர் சொன்னாரு, நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. நீங்க போய் கேட்டதுல எந்தத் தப்பும் இல்லப்பா. குடுக்காததுதான் தப்பு. அவர் பண்ண தப்புக்கு இருபத்துநாலு வருஷமா எங்க வாயைக் கட்டி வெச்சிருக்கீங்க."

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. மறுமுனையில் எதுவோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது, டம்ளராக இருக்கலாம்.

"நீ சாப்டியா?" என்றார். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அவருக்கும் அதற்குமேல் கேட்கத் தெரியாது.

தம்பிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. படுக்கையோரம் ஒரு ஒயரில் நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் தொங்கியது. அவன் அதைத் தொடாமல், தள்ளியிருந்த தண்ணீர் டம்ளருக்குக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவின் நம்பரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை அவனிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை. ஒரே ஒரு போன் செய்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே வெளியே வந்திருப்பான்.

அவன் என்னைத் தேற்றினான். "பரவால்லக்கா. ஞாயித்துக்கிழம அவரு வீட்ல இருப்பாரு. கூப்பிட்டா கஷ்டமா இருந்திருக்கும்."

"பரவால்ல இல்லடா" என்றேன். "செத்துப்போயிருப்ப. நானும் பல்லைத் தேச்சிட்டு உக்காந்திருந்திருப்பேன். பரவால்ல இல்ல."

அழுகை வந்துவிட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது நினைவுக்கு வந்து எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் வழக்கம்போலவே போயின. சாப்டியா, சாப்டேன், ஒண்ணும் வேணாம்க்கா. கம்பெனியில் அவனுக்கு ஜோடி இல்லாமல் வேலை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். ரேடியோ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். தம்பியிடமிருந்து எனக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான்.

நான்காவது ஞாயிறு, ஒன்பதே காலுக்கு என் போன் அடித்தது. திரையில் அவன் பேர். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா." அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. "அக்கா, ஒங்கிட்ட ஏணி இருக்கா?"

"ஏணியா?"

"ஆமா. ரூம்ல பல்பு மாத்தணும். இருந்தா… ஒரு நாளைக்கு வேணும்."

என் கைப்பையை எத்தனை தடவை அந்த ஏணியில் மாட்டியிருக்கிறேன். அவன் தொழிலே ஏணியில் ஏறுவது. ஒரு பல்புக்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஏணி தூக்கிக்கொண்டு போகப்போகிறானாம். என்ன கேட்பது என்று மூன்று வாரம் யோசித்திருப்பான். தன்னிடம் இல்லாத பொருள் ஒன்றையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

"இருக்குடா. வா. வந்து எடுத்துட்டுப் போ" என்றேன்.

"சரிக்கா. பதினோரு மணிக்கு வரேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என்னிடம் ஏணி இல்லை. பரண் எட்டவில்லை என்றால் நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள் நான். கடைக்குப் போய் ஒன்று வாங்கிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்படியில் நின்றேன். எதிர்க் கதவு இருந்தது. ஒன்பது வருஷமாக என் கதவுக்கு நேர் எதிரே இருக்கும் பச்சைக் கதவு. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

விரலை வைத்து எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்குவார்கள். மறுபடி வைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்ற ஒன்பது வயசுக் கால்கள் அப்படியே கனத்தன. ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது.

அழுத்தினேன்.

உள்ளே மணி அடித்தது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ வந்தார்கள். அறுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா, தலையில் ஈரத் துண்டு.

"யாரும்மா?"

"எதிர் வீடுங்க."

அவர் என் தோளைத் தாண்டி என் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்த வீட்ல ஆள் இருக்கா? சத்தமே கேக்காதே. பூட்டிக் கெடக்குதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

ஒன்பது வருஷம்.

"ஒரு ஏணி கெடைக்குமாம்மா? ஒரு நாளைக்குத்தான். நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

"இருக்கு, இரு" என்று உள்ளே போனார். ஏதோ சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. பெயிண்ட் தெறித்த பழைய ஏணியோடு வந்து, என் கையில் ஒரு முனையைக் கொடுத்தார். "தனியா ஏறாத, யாராவது பிடிச்சுக்கணும். கால் ஒண்ணு ஆடும். என்ன வேலை, பரண்ல ஏதாவது எடுக்கணுமா?"

"எனக்கில்லம்மா" என்றேன். "என் தம்பி கேட்டான்."